பாட்டு ஊருக்கு, கூலி யாருக்கு?

படம் என்றால் கதை வேண்டும், நடிகர் வேண்டும், சண்டை வேண்டும் என்றுதான் பலரும் எதிர்பார்க்கிறார்கள். "டாக்குமெண்டரி" என்ற பெயரைக் கேட்டதுமே எழுந்து போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு காலத்தில் கொட்டகையில் மெயின் படத்துக்கு முன்னால் அணைக்கட்டையும் உர மூட்டையையும் காட்டுவார்கள். நமக்குத் தெரிந்த டாக்குமெண்டரி அதுதான்!

ஆனால் பாட்டையும் பாடகர்களையும் பற்றிய சில டாக்குமெண்டரிப் படங்களை அண்மையில் பார்த்தேன். கதைப் படங்கள் தோற்றுவிடும்! எல்லாம் வெளிநாட்டுப் படங்கள். ஆனாலும் விஷயம் நமக்கும் தெரிந்த விஷயம்தான். பாடியவர் ஒருவர், பெயரும் பணமும் இன்னொருவருக்கு!

"செத்தவர்" வந்தார்!

முதல் படம் "சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்". 2012-ல் வந்தது. எடுத்தவர் சுவீடன் நாட்டு இளைஞர், மாலிக் பென்ஜெலுல்.

அமெரிக்காவில் டெட்ராயிட் என்று ஒரு நகரம். மோட்டார் கார் செய்யும் ஊர். அங்கே ரொட்ரிகஸ் என்று ஒருவர் இருந்தார். பாட்டை அவரே எழுதுவார்; கிதார் வாசித்து அவரே பாடுவார். 1970-ல் ஒரு இசைத்தட்டு வந்தது. 1971-ல் இன்னொன்று வந்தது. இரண்டும் விற்கவில்லை. கம்பெனி கைவிட்டது. அவர் பழைய வீடுகளை இடிக்கும் கூலி வேலைக்குப் போனார்.

கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை!

கடலுக்கு அப்பால், தென் ஆப்பிரிக்காவில், அந்தத் தட்டுகள் சக்கைப் போடு போட்டன. அப்போது அங்கே நிறவெறி ஆட்சி. அந்த ஆட்சியை வெறுத்த வெள்ளைக்கார இளைஞர்கள் ரொட்ரிகசின் பாட்டைப் பாடித் திரிந்தார்கள். பாடியவர் எங்கே இருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியாது. மேடையிலேயே தற்கொலை செய்துகொண்டார் என்று ஒரு வதந்தி. அதை நம்பினார்கள்.

கேப் டவுன் நகரில் இசைத்தட்டுக் கடைக்காரர் ஒருவரும், பத்திரிகைக்காரர் ஒருவரும் தேடத் தொடங்கினார்கள். 1997-ல் ஆள் அகப்பட்டார். உயிரோடு! அதே டெட்ராயிட்டில்! மறு ஆண்டே தென் ஆப்பிரிக்காவுக்கு அழைத்துப்போய் மேடை ஏற்றினார்கள். செத்துவிட்டார் என்று நினைத்தவரைக் கண்ணால் கண்டதும் கூட்டம் போட்ட சத்தம் இருக்கிறதே, பார்க்கிற நமக்கே தொண்டை அடைக்கிறது. அவரோ, கூலி வேலைக்குப் போகிறவர் போலவே அமைதியாக நிற்கிறார்.

தென் ஆப்பிரிக்காவில் விற்ற தட்டுகளுக்குப் பாடியவருக்கு உரிய பணம் எங்கே? படத்தில் பழைய கம்பெனி முதலாளியிடமே இதைக் கேட்கிறார்கள். அவருக்குக் கோபம்தான் வருகிறது. பணம் போன வழி தெரியவில்லை.

இத்தனை நல்ல படத்தில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ரொட்ரிகசுக்கு ஆஸ்திரேலியாவிலும் ரசிகர்கள் இருந்தார்கள். 1979-லும் 1981-லும் அவர் அங்கே போய்ப் பாடியிருக்கிறார். படத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை! பார்க்கிறவர்கள், 1998 வரை அவரை உலகமே மறந்துவிட்டது என்று எண்ணிக்கொள்வார்கள். கதைப் படத்தில் இப்படிச் செய்யலாம். யாரும் கேட்க மாட்டார்கள். "நடந்ததைக் காட்டுகிறேன்" என்று சொல்லிவிட்டு, நடந்ததில் பாதியை ஒளிக்கலாமா? ஆஸ்திரேலியாவைச் சொல்லியிருந்தாலும் கதையின் ருசி கெட்டிருக்காது.

பாதியில் பணம் தீர்ந்துபோய், சில காட்சிகளை செல்போனில் எடுத்து முடித்தாராம் டைரக்டர். அந்தப் படத்துக்கு 2013-ல் ஆஸ்கார் பரிசு! ரொட்ரிகஸ் விழாவுக்குப் போகவில்லை. படம் எடுத்தவர்களுக்குச் சேர வேண்டிய பெருமையைத் தான் வாங்கிக்கொள்ளக் கூடாது என்று நினைத்தார். 2023-ல், 81-ம் வயதில் காலமானார்.

பின்பாட்டுப் பெண்கள்

அடுத்த படம் "20 ஃபீட் ஃப்ரம் ஸ்டார்டம்". 2013-ல் மார்கன் நெவில் எடுத்தது. மேடையில் முன்னால் நின்று பாடும் நட்சத்திரத்துக்கும், பின்னால் நின்று பாடும் பெண்களுக்கும் இடையே உள்ள தூரம்தான் அந்த இருபது அடி.

நம் வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் வாயை மூடிக்கொண்டால் கச்சேரி என்ன ஆகும்? அங்கேயும் அப்படித்தான். ஆனால் போஸ்டரில் பெயர் இருக்காது!

டார்லின் லவ் என்று ஒரு பெண். 1962-ல் அவர் பாடிய பாட்டு அமெரிக்காவிலேயே முதல் இடத்துக்கு வந்தது. தட்டில் அச்சிட்டது வேறு ஒரு பெண்கள் குழுவின் பெயர்! பிற்காலத்தில் அவர் பிழைப்புக்காக வீடு துடைக்கும் வேலைக்குப் போனார். ஒரு நாள், துடைத்துக்கொண்டிருந்த வீட்டு ரேடியோவில் அவர் குரலே கேட்டது. பாட வேண்டியவள் இங்கே என்ன செய்கிறேன் என்று அன்றே தீர்மானித்து, மறுபடியும் பாட வந்தார். 2011-ல் அமெரிக்க ராக் இசையின் பெரிய கௌரவம் அவருக்குக் கிடைத்தது.

நம் நாட்டிலும் இப்படி நடந்ததுண்டு. 1949-ல் வந்த "மகால்" இந்திப் படத்தின் புகழ் பெற்ற பாட்டைப் பாடியவர் லதா மங்கேஷ்கர். தட்டில் இருந்த பெயர் "காமினி"! அது கதாபாத்திரத்தின் பெயர்.

இந்தப் படத்தில் நான் மறக்க முடியாத காட்சி ஒன்று. 1969-ல் ஒரு நடு இரவு. மெர்ரி கிளேட்டன் என்ற பாடகிக்கு டெலிபோன் வருகிறது. "ரோலிங் ஸ்டோன்ஸ்" குழுவுக்குப் பின்பாட்டுப் பாட உடனே வர வேண்டும்! அவரோ பிள்ளைத்தாய்ச்சி. தலைமுடியைச் சுருளாக்கும் கிளிப்புகளைக் கூட எடுக்காமல் போய்ப் பாடிவிட்டு வந்தார். படத்தில், மற்ற வாத்தியங்களை எல்லாம் நிறுத்திவிட்டு அவர் குரலை மட்டும் தனியாகப் போட்டுக் காட்டுகிறார்கள். அடேயப்பா! அந்தப் பாட்டைத் தாங்கி நின்றது யார் குரல் என்பது அப்போதுதான் தெரிகிறது.

பெரிய நட்சத்திரங்கள் அடிக்கடி வந்து சர்டிபிகேட் கொடுப்பதைக் குறைத்திருக்கலாம். அந்த நேரத்தையும் இந்தப் பெண்களுக்கே கொடுத்திருக்கலாம்.

ஐம்பது ஆண்டு இருட்டில்

"சம்மர் ஆஃப் சோல்" 2021-ல் வந்தது. 1969 கோடையில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், ஒரு பூங்காவில், ஆறு வார விடுமுறை நாட்களில் கறுப்பின மக்களின் இசை விழா நடந்தது. கூட்டம் சுமார் 3 லட்சம்! ஹால் டல்சின் என்பவர் அத்தனையையும் படம் பிடித்தார். வாங்க ஆள் இல்லை. படச்சுருள்கள் நிலவறையில் ஐம்பது ஆண்டு கிடந்தன. அதே கோடையில் நடந்த உட்ஸ்டாக் இசை விழாவைப் பற்றிய படம் மறு ஆண்டே உலகமெங்கும் ஓடியது.

விழாவின் ஒரு நாளில்தான் மனிதன் சந்திரனில் இறங்கினான். அதைப் பற்றிக் கூட்டத்தினரைக் கேட்கிறார்கள். அந்தப் பணத்தை ஏழைகளுக்குச் செலவழிக்கலாமே என்று பலர் பட்டென்று பதில் சொல்கிறார்கள்!

கியூபா நாட்டுக் கிழவர்களைப் பற்றிய "புவெனா விஸ்டா சோஷியல் கிளப்" 1999-லேயே வந்த பழைய படம். இப்ராகிம் ஃபெரர் செருப்புக்குப் பாலீஷ் போட்டு வந்தவர். பியானோ மேதை ரூபன் கொன்சாலஸ் வீட்டில் பியானோ கிடையாது. அவர்கள் 1998-ல் நியூயார்க் கார்னகி ஹாலில் வாசிக்கிறார்கள். காமிரா ஆளைச் சுற்றிச் சுற்றி வருவதுதான் கொஞ்சம் தலை சுற்றுகிறது.

வீட்டில் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பார்த்தபோது அடியில் ஓடியது ஆங்கில எழுத்து. வேகமாக ஓடுகிறது; பாட்டியும் பிள்ளைகளும் எட்டிப் பிடிக்க முடியாது. டெலிவிஷன்காரர்கள் இப்படிப்பட்ட படங்களைத் தமிழ்க் குரலோடு கொடுக்க வேண்டும். கதைப் படங்களுக்குச் செய்கிறார்களே, இதற்கும் செய்தால் என்ன? அதுவரை, ஆங்கிலம் தெரிந்த பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து சொல்லட்டும். கியூபாப் படத்தில் தொடங்கலாம். அதில் பேச்சைவிடப் பாட்டு அதிகம். "சுகர் மேன்" என்றால் போதை மருந்து விற்பவன். பிள்ளைகள் அர்த்தம் கேட்பார்கள். பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்!