வலிக்குச் சாட்சி யார்?

காலிழந்தவனைக் கண்டால் நமது சமுதாயம் இரங்குகிறது. கண்ணிழந்தவனுக்கு வழிவிட்டு நிற்கிறது. ஆனால் நரம்பு வலியினால் இரவெல்லாம் உறக்கமின்றிப் புரண்டு, காலையில் முகங்கழுவித் தலைவாரி வெளியே வரும் மனிதனை அதே சமுதாயம் எவ்வாறு நோக்குகிறது? “ஆளைப் பார்த்தால் நோயாளி மாதிரித் தெரியவில்லையே” என்கிறது. தெருவோரத்து வம்பாக இருக்கும்வரை இவ்வாக்கியம் ஒரு மனிதனின் உள்ளத்தை மட்டுமே புண்படுத்தும். ஓர் அரசே இதனை எடுத்துப் படிவமாகவும் புள்ளிக் கணக்காகவும் ஆக்கிக்கொள்ளுமாயின், அது அவனது அடுப்பையும் அணைத்துவிடும். பிரித்தானியாவில் நிகழ்ந்திருப்பது அதுவே.

1942இல் பெவரிட்ஜ் அறிக்கையை வெளியிட்டு, நலன்புரி அரசுக்கு முன்மாதிரி தாமே என்று பெருமை கொண்ட நாடு அது. அந்நாட்டில் 2013ஆம் ஆண்டு, உழைக்கும் வயதுடைய வலுவிழந்தோருக்கான பழைய உதவிப்படி நீக்கப்பட்டுத் ‘தனிநபர் சுயாதீனக் கொடுப்பனவு’ என்ற புதிய முறை புகுத்தப்பட்டது. பெயரில் சுயாதீனம் உண்டு. பிறப்பிலே சிக்கனம் உண்டு. 2010இல் இச்சீர்திருத்தம் முதன்முதலாக அறிவிக்கப்பட்டபோதே, செலவில் ஐந்திலொரு பங்கைக் குறைப்பது என்ற இலக்கும் உடன் வைக்கப்பட்டது. நோயாளியைச் சோதிக்குமுன்னரே தீர்ப்பின் கூட்டுத்தொகை எழுதப்பட்டுவிட்டது என்பதன்றி இதற்கு வேறு பொருள் என்ன? அவ்விலக்கு நிறைவேறவில்லை, செலவு கூடவே செய்தது. படிவத்தை மாற்றினால் வலி குறைந்துவிடும் என்று நம்பியோர்க்கு வாழ்க்கை அளித்த விடை அது.

இம்முறையின் இயக்கத்தைச் சற்று நோக்குவோம். சமைத்தல், உண்ணல், குளித்தல், உடுத்தல் முதலிய அன்றாடச் செயல்கள் பத்து. நடமாட்டம் பற்றியவை இரண்டு. ஒவ்வொன்றுக்கும் புள்ளிகள் உண்டு. எட்டுப் புள்ளி பெற்றால் சாதாரணக் கொடுப்பனவு. பன்னிரண்டு பெற்றால் உயர்ந்த கொடுப்பனவு. எழுந்து நின்று 20 மீற்றருக்கு மேல் நடக்க இயலாதவனுக்குப் பன்னிரண்டு புள்ளி. 50 மீற்றருக்குள் நின்றுவிடுபவனுக்குத் துணைக்கருவியின்றி நடந்தால் எட்டு, துணைக்கருவியுடன் நடந்தால் பத்து. நீண்டதொரு படிவத்தை ஒரு மாதத்துக்குள் நிரப்பி அனுப்புதல் வேண்டும். பேனாவைப் பற்றுவதே வேதனையான கையுடையோனுக்கும் இதே விதிதான். பின்னர், அரசு ஒப்பந்தம் பெற்ற தனியார் நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் ஒருவர் அவனைத் தொலைபேசியிலோ நேரிலோ விசாரிக்கிறார். பல ஆண்டுகள் மருந்தளித்து வந்த வைத்தியர் ஒருபுறம். முன்பின் அறியாத இவர் மறுபுறம். பெரும்பாலும் தீர்ப்பு இவருடைய அறிக்கையைத் தழுவியே அமைகிறது.

அவர் எதனைக் காண்கிறார்? நோயாளி நாற்காலியில் எவ்வாறு அமர்ந்தான், பையை எந்தக் கையால் தூக்கினான், காத்திருக்கும் அறையிலிருந்து எவ்வாறு நடந்து வந்தான் என்பனவெல்லாம் ‘அவதானிப்பு’ என்ற பெயரில் பதிவாகின்றன. அந்த ஒரு மணிநேரத்துக்காக அவன் முன்னாளெல்லாம் படுத்துக் கிடந்ததும், பின்னர் இரண்டு நாட்கள் எழ முடியாது கிடக்கப்போவதும் அப்பதிவில் இடம்பெறுவது எங்ஙனம்? ஒழுங்காக உடுத்து வந்தால் ‘நலமாகத் தோற்றமளித்தார்’ என்று எழுதப்படும். அலங்கோலமாக வந்தால் நடிப்பென்ற ஐயம் எழும். சுயமரியாதையையே சாட்சியமாக்கி ஒருவனுக்கு எதிராக நிறுத்தும் இம்முறையை நீதி என்று எப்படிக் கொள்வது?

மருத்துவ அறிவு இத்துறையில் பின்தங்கி நிற்கவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் நரம்பில் குண்டு பாய்ந்த வீரர்களின் தீப்போன்ற வலியை வெயர் மிற்செல் என்ற வைத்தியரும் அவர்தம் சகாக்களும் 1864இலேயே எழுதி வைத்தனர். புண் ஆறிய பின்னரும் வலி ஆறாதிருக்கும் என்பதை அன்றே உலகம் அறிந்துவிட்டது. நரம்புக் கடத்தற் சோதனை பருத்த நார்களையே அளக்கும். வலியையும் வெம்மையையும் உணர்த்தும் மெல்லிய நார்கள் அதன் வலையில் அகப்படுவதில்லை. ஆகவே சோதனை பழுதின்மையைக் காட்டும்போதே பாதம் தணலில் நிற்பது போல எரியலாம். 2022 முதல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், நாட்பட்ட வலிக்கும் அதனுள் நரம்பு வலிக்கும் தனி இடம் அளித்துள்ளது. 2020இல் வலிக்கான தமது வரைவிலக்கணத்தைத் திருத்திய சர்வதேச வலி ஆய்வுச் சங்கத்தினர், தமக்கு வலிக்கிறது என்று ஒருவர் கூறுவதை மதித்தல் வேண்டும் என்ற கருத்தையும் சேர்த்துள்ளனர். வைத்தியசாலை நம்பச் சொல்கிறது. கொடுப்பனவுக் கந்தோர் சந்தேகிக்கச் சொல்கிறது!

வேடிக்கை யாதெனில், சட்டத்தின் எழுத்து இவ்வளவு கொடியதன்று. ஒரு செயலை ஆபத்தின்றி, ஏற்கத்தக்க தரத்தில், வேண்டியபோதெல்லாம் திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய இயலுமா என்று பார்க்க வேண்டும் என்பதே விதி. பாதிக்கு மேற்பட்ட நாட்களில் நிலைமை எவ்வாறென்பதும் நோக்கப்பட வேண்டும். ஏறி இறங்கும் இயல்புடைய நரம்பு வலிக்கு இதைவிடப் பொருத்தமான விதி வேறென்ன வேண்டும்? ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுவதில்லை. அண்மைய ஆண்டுகளில் மேன்முறையீட்டு மன்றங்களில் விசாரிக்கப்பட்ட வழக்குகளில் பத்தில் ஆறுக்கு மேற்பட்டவை விண்ணப்பதாரருக்குச் சார்பாக முடிந்துள்ளன. அம்மன்றத்தை அடையுமுன் கட்டாய மீள்பரிசீலனை என்ற மற்றொரு வாயிலையும் கடத்தல் வேண்டும். பாதி வழியிலே களைத்து வீழ்ந்தவர்கள் எந்தக் கணக்கிலும் வரார். வலியுடையோனே முதலில் களைப்பவன் அன்றோ?

“பொதுமக்கள் பணம், சோதிக்காமல் அள்ளிக் கொடுக்கலாமா?” என்று கேட்போர் உளர். சோதிக்க வேண்டாம் என்று நாம் கூறவில்லை. எதைக் கொண்டு சோதிப்பது என்றே கேட்கிறோம். அரசின் சொந்த மதிப்பீட்டின்படி 2023-24ஆம் நிதியாண்டில் இக்கொடுப்பனவில் மோசடியாகப் போனது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. அச்சிறு பங்குக்காக அனைவரையும் கூண்டிலேற்றுவது எந்தச் சிக்கனம்? மேலும், இது சோம்பேறிகளுக்கு இடும் பிச்சையுமன்று. வேலை செய்வோரும் பெறக்கூடிய உதவி இது. நோயினால் நேரும் மேலதிகச் செலவுக்காக ஏற்பட்டது. வாடகை வண்டிக்கு இப்பணத்தைக் கொடுத்து வேலைக்குச் செல்பவனிடமிருந்து இதனைப் பறித்தால், அவன் வேலையையும் இழப்பான்.

2025 மார்ச்சில் தொழிற்கட்சி அரசாங்கம் ஒரு யோசனையை முன்வைத்தது: அன்றாடச் செயல்களில் ஏதேனும் ஒன்றிலாவது நான்கு புள்ளி பெறாதவருக்கு அப்பகுதிக் கொடுப்பனவு இல்லை! சமைக்க ஒரு துணைக்கருவி, குளிக்க ஒன்று, மலசலகூடத்துக்கு ஒன்று, உடுத்த ஒன்று என்று இவ்விரண்டு புள்ளிகளாகச் சேர்த்து எட்டை எட்டுபவன் யார்? உடலெங்கும் வலி பரந்து எதனையும் முற்றாக இழக்காத, ஆனால் எதனையும் இயல்பாகச் செய்யவியலாத மனிதன் அவன். அந்த ஈட்டி அவனது நெஞ்சை நோக்கியே எறியப்பட்டது. வலுவிழந்தோர் இயக்கங்கள் கொதித்தெழுந்தன. ஆளுங்கட்சி உறுப்பினர் பலரே எதிர்த்து நின்றனர். 2025 யூலை முதலாந் திகதி அரசாங்கம் அவ்விதியை மசோதாவிலிருந்து விலக்கிக்கொண்டது. கருணையினால் அன்று, எதிர்ப்பினாலேயே அது விலக்கப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது.

மாற்று வழி கனவுமன்று. ஸ்கொத்லாந்து 2022 முதல் தனது சொந்த முறையை நாடளாவிய ரீதியில் நடத்துகிறது. புள்ளிக் கணக்கும் 20 மீற்றர் விதியும் அங்கும் ஒழிந்தபாடில்லை. எனினும் இலாபத்துக்கு இயங்கும் நிறுவனங்களுக்கு மதிப்பீட்டை ஒப்படைக்கும் வழக்கம் நீங்கியது. வைத்தியரும் பராமரிப்போரும் தரும் சான்றுகளை முதலில் நோக்கி, அவை போதாதவிடத்தே நோயாளியை அழைக்கிறார்கள்.

நம் நாட்டுக்கும் இதில் பாடமுண்டு. 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணை, இழந்த விரலுக்கும் கைக்கும் காலுக்கும் வீதம் வகுத்தது. கண்ணுக்குத் தெரியும் இழப்பையே கணக்கிட்ட மனப்பான்மை அது. காலனி ஆட்சி போயும் அந்த மனப்பான்மை போகவில்லை. கொழுந்துக் கூடை சுமந்து முதுகு நரம்பு நைந்த தோட்டத் தொழிலாளிப் பெண்ணுக்கும், நீரிழிவினால் பாதம் எரியும் கடற்றொழிலாளிக்கும் எந்த அட்டவணையில் இடம்? 2016இல் வலுவிழந்தோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை ஏற்றுக்கொண்ட இலங்கை, இவர்களுக்கு மறுமொழி கூறியாதல் வேண்டும்.

ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நாம் தொடங்க வேண்டிய இடம் வெகுதொலைவில் இல்லை. நமது ஆசிரியர் அறையில் ஒருவர் இடுப்பு நரம்பு வலியென்று விடுப்பெடுத்தால் எழும் கேலிச் சிரிப்பும், எழுதும்போது கை எரிகிறது என்ற மாணவனுக்குக் கிடைக்கும் ‘சாட்டுச் சொல்லாதே’ என்ற அதட்டலும், அந்த மதிப்பீட்டாளரின் அறிக்கையும் ஒரே வேரில் முளைத்தவை. அந்த வேரை நமது அறைகளிலிருந்தே பிடுங்குவோம். அதன் பின்னர், வைத்தியரின் சான்றையும் நோயாளியின் சொல்லையும் முதற்சாட்சியாக ஏற்கும் சட்டத்தை அரசிடம் கேட்போம். கேட்பது சலுகையன்று, உரிமை.