மருத்துவரின் மகன் கோவையில் படித்த படிப்பு



பிளஸ் டூ முடிவு வந்ததும் சத்தியமங்கலம் பக்கத்து வீடுகளில் ஒரே பேச்சுதான்: மருத்துவப் படிப்புக்கு நீட் மார்க் போதுமா, இன்னொரு வருடம் கோச்சிங் அனுப்பலாமா? பிள்ளைக்கு எதில் ஆசை என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது.

கும்பகோணத்தில் 1925இல் பிறந்த வேளாண் விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதனின் தந்தை சாம்பசிவன் அறுவை சிகிச்சை மருத்துவர். மகனும் மருத்துவராவார் என்றே குடும்பம் எதிர்பார்த்தது. 1943 வங்கப் பஞ்சம் அவர் மனதை மாற்றியது. விலங்கியல் பட்டம் பெற்றிருந்தவர், கோவை வேளாண் கல்லூரியில் மீண்டும் இளநிலைப் படிப்பில் சேர்ந்தார். அந்தக் கல்லூரிதான் 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமானது. 1960களில் குட்டை ரகக் கோதுமையை இந்திய வயல்களுக்குக் கொண்டுவந்ததில் அவர் முன்னின்றார். 1987இல் முதல் உலக உணவுப் பரிசும், மறைவுக்குப் பின் 2024இல் பாரத ரத்னாவும் அவருக்குக் கிடைத்தன.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், மருத்துவ இடம் கிடைத்தும் இயற்பியலுக்குப் போனார். செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் அமைப்பை ஆராய்ந்து 2009இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆன்டிபயாடிக் மருந்துகள் பல தாக்குவது பாக்டீரியாவின் ரைபோசோமைத்தான். மருத்துவமனைக்கு வெளியே இருந்தும் நோயாளிக்கு உதவ முடிந்தது.

தாளவாடி, கடம்பூர் மலைக் கிராமங்களுக்கு டாக்டர்கள் நிச்சயம் வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அதற்கு நல்ல வழி. உண்மையாக விரும்பும் பிள்ளைகள் அதில் போகட்டும்.

மற்றவர்களுக்குக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியும் பக்கத்திலேயே இருக்கின்றன. பள்ளிகள் பதினோராம் வகுப்பிலேயே மாணவர்களை அங்கே அழைத்துச் சென்று காட்ட வேண்டும். பெற்றோர் விண்ணப்பம் போடும் முன் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

– ஒரு வாசகர், சத்தியமங்கலம்