மேனி நிறமும் லேசர் ஒளியும்

நிறத்தைப் பற்றி எம்மவர் உண்மை பேசுவது அருமை. கலியாணப் பேச்சிலே கறுத்தவள் பொது நிறமாவாள். பொது நிறத்தவள் சிவலையாவாள். இச்சிறு பொய்யால் எவருக்கும் நட்டமில்லை என்று பெற்றோர் எண்ணுவர். ஆயின், இப்பொய் சொன்னவரையே சுடுகின்ற இடமொன்று உண்டு. லேசர் ஒளியினால் உரோமம் நீக்கும் சிகிச்சை நிலையமே அது.

மேலுதட்டிலும் மேவாயிலும் அரும்பும் உரோமத்தால் மனம் குன்றி, வகுப்பிலே கையால் முகத்தை மறைத்துக்கொண்டிருக்கும் மாணவியரை நாம் கண்டதுண்டு. அவர்களுக்குப் பரிகாரம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. நாடுமுன்னர்த் தம் தோலின் வகையை உள்ளவாறு அறிந்து செல்லுக என்பதே நாம் சொல்வது.

1960 ஆம் ஆண்டில் தியடோர் மைமன் என்னும் அமெரிக்கப் பௌதிகவியலாளர் செயற்கை மாணிக்கக் கல்லைக் கொண்டு முதலாவது லேசரை இயக்கினார். குறித்ததொரு நிறப்பொருள் மாத்திரம் மிகுதியாக உறிஞ்சத்தக்க ஒளியைக் கணப்பொழுது பாய்ச்சினால், அயலை வேகவிடாது அப்பொருளை மாத்திரம் சூடாக்கலாம் என்பதை அண்டர்சன், பரிஷ் என்னும் இரு வைத்திய அறிஞர் 1983 இல் விளக்கினர். உரோமம் நீக்கும் வித்தை முழுவதும் இதன்மீதே நிற்கின்றது. உரோமத்திலுள்ள மெலனின் என்னும் கருநிறப்பொருள் ஒளியை உறிஞ்சிச் சூடாகி, வேர்ப்பையைப் பழுதாக்குகின்றது. ஆனால் உரோமத்தைக் கறுப்பாக்கும் அதே மெலனின்தான் தோலையும் கறுப்பாக்குகின்றது. இது மயிர், இது தோல் என்று பகுத்தறியும் விவேகம் ஒளிக்கு ஏது? வெண்தோலில் முளைத்த கருமயிர் அதற்கு எளிய இலக்கு. கருந்தோலில் முளைத்த கருமயிரை நாடி வரும் ஒளியோ வழியிலே தோலையும் பதம் பார்த்துவிடும். கொப்புளமும், மாதக்கணக்கில் நீங்காத கருந்தழும்பும், சிற்சில வேளை வெண்புள்ளியும் அதனால் விளைவன.

தோலை வகைப்படுத்தும் முறை லேசருக்காகப் பிறந்ததன்று. சொரியாசிஸ் என்னும் தோல் நோய்க்கு மருந்தோடு புறவூதாக் கதிரும் கொடுக்கத் தொடங்கிய காலம். மயிர் நிறத்தையும் கண் நிறத்தையும் பார்த்துக் கதிரை அளந்தபோது சிலருக்கு அளவு மிஞ்சிவிட்டது. ஆதலின், ஹாவார்ட் பல்கலைக்கழகத்துத் தோல் வைத்தியப் பேராசிரியர் தோமஸ் பிற்ஸ்பற்றிக், 1975 இல் நோயாளரிடம் இரண்டு வினாக்களைக் கேட்கலானார். வெயில் பட்டால் உமது தோல் சிவந்து எரியுமா? பின்னர் கறுக்குமா? எப்பொழுதும் எரிந்து ஒருபோதும் கறுக்காதது முதலாம் வகை. சிறிதே எரிந்து நன்றாகக் கறுப்பது நான்காம் வகை. முதலில் வகுத்தவை வெள்ளையர் தோலுக்குரிய இந்நான்குமே. கபில நிறத் தோல் ஐந்தாவதாகவும் கருந்தோல் ஆறாவதாகவும் பின்னரே சேர்க்கப்பட்டன. பின்னர்க் கொண்டுவந்து போட்ட அவ்விரு வாங்குகளிலேதான் எம்மவருட் பலர் அமரவேண்டியவர். எஞ்சியோருட் பெரும்பாலார் நான்காம் வாங்கினர்.

கடற்கரையிலே வெயில் காய்வது எம்மவர் வழக்கமன்று. எம் தோல் எரிந்தாலும் சிவப்பு எளிதிலே புலப்படாது. ஆகவே அவ்வினாக்களை எமக்கேற்ப மாற்றிக் கேட்டல் நன்று. இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு நாள் முழுதும் மைதானத்தில் நின்ற மாணவிக்கு அன்றிரவு முகம் காந்தியதா, தோல் உரிந்ததா, அல்லது வெறுமனே கறுத்ததா? நுளம்புக் கடியோ பருவோ ஆறியபின் கருந்தழும்பு எத்தனை மாதம் நிற்கின்றது? நெடுநாள் நிற்குமாயின், லேசர்ச் சூடும் அவ்வாறே தழும்பு விடக்கூடும். இனி, மேற்கையின் உட்புறத்தைப் பகல் வெளிச்சத்திலே பாருங்கள். வெயில் படாத நிறம் அதுவே. முகம் அதனிலும் கறுத்திருந்தால் வெயில் ஏறியிருக்கின்றது என்பது பொருள். தோலின் வகை மாறாதெனினும், ஏறிய கறுப்பு ஆபத்தை மிகுவிக்கும். நல்லூர்த் தேர் பார்த்து வந்த கிழமையிலே இச்சிகிச்சைக்குப் போதல் தகாது. சில வாரமாவது பொறுத்தல் வேண்டும்.

வகை தெரிந்தால் கருவி தெரியும். மாணிக்க லேசர் ஒளியின் அலைநீளம் 694 நனோமீற்றர், அலெக்சாந்திரைற்று 755, இருவாயி லேசர் ஏறக்குறைய 810, நியோடைமியம் யாக் 1064. அலைநீளம் கூடக்கூட மெலனின் உறிஞ்சுவது குறையும். ஒளியும் ஆழம் செல்லும். ஆதலாற்றான் ஐந்தாம் ஆறாம் வகையினர்க்கு யாக் லேசரே பாதுகாப்பானதெனக் கருதப்படுகின்றது. "எல்லா நிறத்துக்கும் ஒரே மெஷின்" என்று சொல்லும் இடத்தில், அது எந்த லேசர் என்று கேளுங்கள். பதில் வராவிடின் எழுந்து வந்துவிடலாம். அது மரியாதைக் குறைவன்று.

மறைவான ஓரிடத்திலே சிறிது ஒளி பாய்ச்சிப் பரீட்சிக்கும்படியும் கேட்க வேண்டும். கருந்தோலில் விளைவு தாமதித்தே தோன்றுமாதலின், அன்றே பார்த்துத் திருப்தியடைதல் போதாது. நாட்கள் சில பொறுத்துப் பார்த்தலே முறை. வெள்ளையாக்கும் களிம்பு பூசுகிறவர்கள் அதனை ஒளிக்காமல் வைத்தியரிடம் சொல்லவேண்டும். அவற்றுட் சிலவற்றில் ஸ்ரீரொயிட்டும் இரசமும் கலந்திருப்பதுண்டு. நூலிட்டோ பிடுங்கியோ வேரை நீக்கிவிட்டுச் செல்வதும் வீண். வேர் இல்லாதவிடத்து ஒளி எதனைத் தாக்கும்?

மேவாயில் உரோமம் திடீரென மிகுந்து மாதவிலக்கும் ஒழுங்கு தவறினால், முதலிற் செல்லவேண்டிய இடம் வைத்தியரிடமே. சூலகக் கோளாறு உள்ளிருக்க, வெளியே உரோமத்தை மாத்திரம் சுட்டால் அது மீண்டும் முளைக்கும். அன்றியும், கருந்தோற் பெண்கள் சிலருக்கு முகத்திலே லேசர் பட்டபின் முன்னிலும் அதிகமாக உரோமம் வளர்ந்ததையும் வைத்தியர் கண்டிருக்கின்றனர்.

இச்சிகிச்சை ஒரு தடவையில் முடிவதன்று. முகத்துக்கு நான்கு முதல் ஆறு வாரத்துக்கொரு முறையாகப் பல தடவை செல்லவேண்டும். கலியாணத்துக்கு ஒரு மாதமே இருக்குமாயின் லேசரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். அதுவரைக்கும் நூலிடுபவரே போதும்.