கண்ணைப் பார்த்துப் பேசாதவர்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பர். முகத்தைத் திருப்பிக்கொள்பவரின் அகத்தை அறிய நாம் முயல்வதுண்டா? ஆட்டிசம் உடையவர்களைத் தமிழில் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்றும் வழங்குகின்றனர். இச்சொல்லை நான் ஏற்கவில்லை. அவர்களின் கண்ணையே சாட்சிக்கு அழைக்கிறேன்.

கண்ணின் பாவை நல்ல வெளிச்சத்தில் சுமார் 2 மில்லிமீட்டராகச் சுருங்கும்; இருளில் 8 மில்லிமீட்டர் வரை விரியும். வெளிச்சம் மாறாதபோதும் அது விரிவதுண்டு. மனத்தைக் கவரும் படங்களைக் காணும்போது பாவை விரிவதை 1960-இல் சிகாகோவில் ஹெஸ், போல்ட் என்னும் இருவர் எடுத்துக்காட்டினர். உதடு நடிக்கும், தானியங்கு நரம்புகளுக்கு அடங்கிய பாவை அவ்வளவு எளிதில் நடிக்காது.

சிரித்த முகம், சினந்த முகம், அஞ்சிய முகம் ஆகியவற்றை ஆட்டிசம் உடைய பெரியவர்களுக்குக் காட்டிப் பாவையை அளந்திருக்கிறார்கள். முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. சில ஆய்வுகளில் மற்றவர்களைவிட மிகுதியாக விரிந்தது. சிலவற்றில் குறைவாக விரிந்தது. ஆகவே பாவையை அளந்து ஆளைத் தரம்பிரிக்கும் வேலைக்கு இது உதவாது. ஆனால் ‘உணர்ச்சியற்ற மரக்கட்டை’ என்று சொல்லவும் இதில் இடமில்லை.

2005-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கிம் டால்டன் குழுவினர் கண்டது இன்னும் வியப்பானது. ஆட்டிசம் உடையோர் முகப்படத்தின் கண்களை எவ்வளவு நேரம் பார்த்தனரோ, அவ்வளவுக்கு அமிக்டலா என்ற மூளைப்பகுதி கிளர்ந்தது. அச்சத்தோடு நெருங்கிய தொடர்புடைய பகுதி அது! கண்களையே பார்க்கச் செய்தபோது மூளையின் அடிப்பகுதிகள் மற்றவர்களைவிட மிகுதியாகக் கிளர்ந்ததை 2017-இல் ஹஜிகானி குழுவினரும் கண்டனர். உச்சிவெயிலில் சூரியனைப் பார்க்க மறுப்பவனை ஒளி அறியாதவன் என்போமா?

பெரியவர்கள் முன் கண்ணைத் தாழ்த்துவதே மரியாதை என்று வளர்ந்து, எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவன் நான். ‘கண்ணைப் பார்த்துப் பேசு, இல்லாவிட்டால் தன்னம்பிக்கை இல்லையென்று நினைப்பார்கள்’ என்ற நேர்முகத் தேர்வு அறிவுரை எனக்கே கூச்சம் தருகிறது. எனக்கு நாளடைவில் பழகிவிடும். அவர்களுடையது பழக்கக் குறைவு அன்று, உடம்பின் இயல்பு.

ஆகவே பேராசிரியப் பெருமக்களுக்கும், நாளை நேர்முகத் தேர்வுக் குழுக்களில் அமரப்போகும் நண்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். எதிரே இருப்பவர் சுவரைப் பார்த்தபடி விடை சொன்னால், விடை சரிதானா என்று மட்டும் பாருங்கள். அந்த நீண்ட தமிழ்ப் பெயரையும் கைவிடுங்கள். ஆட்டிசம் என்றாலே எல்லோருக்கும் விளங்குகிறது.