கிணற்றின் வாயில் தெரிந்த கிளை



நமது விடுமுறை வேதாகமப் பள்ளியின் நிறைவு நாளில், மனப்பாட வசனப் போட்டியில் ஒரு சிறுவன் பாதியில் திக்கி நின்றான். அவனுடைய தகப்பனார் அவனை ஆலயத்தின் பின்புறம் அழைத்துச் சென்றார். திரும்பி வந்தபோது அவன் கன்னம் சிவந்திருந்தது. நான் கண்டேன்; ஒன்றும் பேசவில்லை. (அந்தத் தகப்பனாரின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.) அன்றிரவு உறக்கம் வராமல் ஜான் மியூரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அமெரிக்காவின் யோசெமிட்டி மலைப்பகுதியைக் காக்கப் பாடுபட்டவர், 1892இல் தொடங்கிய சியரா கிளப்பின் முதல் தலைவர் என்று அவரை உலகம் அறியும். ஆனால் 1913இல் அவர் வெளியிட்ட தம் இளமைக்கால வரலாற்றை வாசிக்கிற எந்தப் போதகனும் தலைகுனியாமல் இருக்க முடியாது. 1838இல் ஸ்காட்லாந்தின் டன்பார் என்னும் கடற்கரை ஊரில் பிறந்த அவருக்கு வாய்த்த தகப்பன், டேனியல் மியூர், பக்தி வைராக்கியம் மிகுந்தவர். நாள்தோறும் வசனங்களை ஒப்பிக்க வேண்டும், தவறினால் பிரம்படி. பதினோரு வயதுக்குள் புதிய ஏற்பாடு முழுவதும், பழைய ஏற்பாட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கும் அந்தப் பையனுக்கு மனப்பாடம். நமது ஞாயிறு பள்ளியாயிருந்தால் கேடயமே கொடுத்து, மேடையேற்றிப் படம் பிடித்திருப்போம்!

அந்தப் பிள்ளை மகிழ்ச்சியை எங்கே கண்டது? சனிக்கிழமைகளில் தோட்டத்து மதிலைத் தாண்டிக் கடற்கரைக்கும் வயல்வெளிக்கும் ஓடிவிடுவான். மாலையில் அடி நிச்சயம் என்று தெரிந்தே ஓடினான். 1849இல் குடும்பம் அமெரிக்காவின் விஸ்கான்சின் காட்டுப்பகுதிக்குக் குடியேறியபோது, வந்திறங்கிய அன்றே வண்டியிலிருந்து குதித்துத் தம்பி டேவிட்டோடு மரமேறி, நீல ஜே பறவையின் கூட்டைக் கண்டுபிடித்தான். உள்ளே பச்சை நிற முட்டைகள். முதியவராகி அந்தப் புத்தகத்தை எழுதும்போதும் அந்தக் கூட்டை அவர் மறக்கவில்லை.

அதன்பின் வந்த ஆண்டுகள் கொடியவை. பன்னிரண்டு வயதில் ஏர் பிடித்தான்; கலப்பையின் கைப்பிடிக்குமேல் தலை சற்றே தெரியும். அம்மைக்கட்டு வந்தபோதும் அறுவடை வேலை. நுரையீரல் காய்ச்சலில் விழுந்தபோதுதான் ஓய்வு. இரண்டாவது பண்ணையில் தண்ணீருக்காக மணற்பாறையில் 90 அடி ஆழக் கிணறு தோண்ட வேண்டியிருந்தது. காலையில் தகப்பனும் தம்பியும் அவனை வாளியில் வைத்து உள்ளே இறக்குவார்கள். மாதக்கணக்கில், மூன்றடி அகலக் குழிக்குள், உளியும் சுத்தியலுமாக அவன் ஒருவனே பாறையைக் கொத்தினான். தகப்பன் ஒருநாளும் உள்ளே இறங்கவில்லை.

ஏறத்தாழ 80 அடி ஆழம் சென்ற ஒரு காலையில், இரவில் அடியில் தேங்கியிருந்த கரியமில வாயு அவனை மயக்கியது. சுவரில் சாய்ந்து நினைவிழக்கும் நேரத்தில் அவன் கண் மேலே சென்றது. கிணற்றின் வாய்க்குக் குறுக்கே சாய்ந்திருந்த ஓர் ஓக் மரக் கிளை தெரிந்தது. அதைக் கண்டதும் நினைவு திரும்ப, மெல்லிய குரலில் தூக்கிவிடும்படி கேட்டான். ஓரிரு நாள் கழித்து மறுபடியும் அதே கிணற்றுக்குள் இறக்கப்பட்டான் என்பதையும் சொல்ல வேண்டும்.

“அந்தக் கண்டிப்புதான் ஐயா அவரை மகா மனிதராக்கியது” என்று நம்மில் சிலர் சொல்வீர்கள். பிரசங்க பீடத்திலிருந்து ஏறக்குறைய அதையே நானும் சொல்லியிருக்கிறேன். நீதிமொழிகள் 13:24ஐ எடுத்துப் பெற்றோருக்குப் பிரம்பைக் கொடுத்துவிட்டு, எபேசியர் 6:4க்கு வராமலே ஜெபித்து முடித்திருக்கிறேன். இன்று அதை மறுக்கிறேன். அந்த அளவுகடந்த உழைப்பு தம் உடல் வளர்ச்சியையே தடுத்துவிட்டதாக மியூர் எழுதுகிறார். அவரைப் பிழைக்கவைத்தது தகப்பனின் கண்டிப்பு அல்ல. அதற்கு மறைந்து அவர் அனுபவித்த கூடுகளும் அல்லி பூத்த ஏரியும்தான். தகப்பன் வசனத்தைப் பிரம்போடு கொடுத்தார். அந்த வசனங்களின் தேவனோ பிள்ளையை வெளியே மரத்தடியில் சந்தித்தார் என்றே நான் விசுவாசிக்கிறேன். நூறு சங்கீதங்களை ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைக்கு 104ஆம் சங்கீதத்தில் வரும் பறவைகளில் ஒன்றைக்கூட நேரில் காட்டாமல் வளர்க்கிறோமே, இது என்ன வேதபாடம்?

இயற்கை இருக்கிறதே என்று அடிக்கிற கைக்குச் சமாதானம் தேடவும் கூடாது. அடிபட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் கிணற்றின் வாயில் கிளை தெரிவதில்லை.

மியூரோ கசப்போடு நின்றுவிடவில்லை. 1885இல் தகப்பன் மரணப்படுக்கையில் கிடந்தபோது அருகில் இருந்தார். அந்த மன்னிப்பை அவர் எங்கே கற்றார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

வருகிற சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அந்தச் சிறுவனும் தகப்பனாரும் என்னோடு கண்மாய்க் கரைக்கு வருகிறார்கள். வசனப் புத்தகம் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். நாரைகள் வந்திருக்கின்றனவாம்.