சாலைக்கும் சரித்திரம் உண்டு

சென்னை அடையாறு மத்திய கைலாஷ் கோவிலருகே தொடங்கி மாமல்லபுரம் வரையில் சுமார் 45 கிலோமீட்டர் செல்லும் சாலைக்கு அரசாங்க ஏட்டில் மாநில நெடுஞ்சாலை 49ஏ என்று பெயர். பெயர்ப் பலகையில் ராஜீவ் காந்தி சாலை. ஜனங்களின் வாயில் ஓ.எம்.ஆர்., அதாவது பழைய மகாபலிபுரம் சாலை. கடலோரமாகக் கிழக்குக் கடற்கரைச் சாலை வந்த பிறகுதான் இது 'பழைய' சாலை ஆயிற்று. கம்ப்யூட்டர்த் தொழிலின் கண்ணாடி மாளிகைகள் வரிசையாக நிற்கும் சாலைக்குப் பழையது என்ற பெயரே நிலைத்துவிட்டது வேடிக்கைதான்.

இப்படிப்பட்ட நகரச் சாலை ஒன்றைப் பற்றிக் கலைக்களஞ்சியத்தில் எழுதுவது மிகவும் சுலபமான காரியம் என்று தோன்றும். தொடக்கம், முடிவு, நீளம், நடுவிலுள்ள சந்திப்புகள். அதோடு தீர்ந்தது என்று நினைக்கலாம். விக்கிப்பீடியா போன்ற கலைக்களஞ்சியத்தில் எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம். ஆகவே முதல் கட்டுரை வந்தபின் ஆளுக்கொரு வரி சேர்க்கிறார்கள். ஒருவர் தாம் வேலை பார்க்கும் கம்பெனியின் பெயரைச் சேர்ப்பார். இன்னொருவர் புதிதாக எழும்பும் அடுக்கு மாடி வீடுகளைப் புகழ்ந்து ஒரு வாக்கியம் எழுதுவார். நாளடைவில் சாலையைப் பற்றிய கட்டுரை, சாலையோரத்து விளம்பரப் பலகைகளைப் பெயர்த்தெடுத்து வரிசையாக வைத்ததுபோல் ஆகிவிடுகிறது.

இதைவிடப் பெரிய தொல்லை 'இருக்கிறது', 'வசூலிக்கப்படுகிறது' என்ற சொற்களால் வருவது. மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை சுமார் 20 கிலோமீட்டர் தூரம் ஆறு வழிச் சாலையாக்கப்பட்டு 2008-ல் திறக்கப்பட்டது. பின்னர் சுங்கச் சாவடிகளும் வந்தன. மெட்ரோ ரயில் வேலையை முன்னிட்டு 2021 ஆகஸ்டு இறுதியில் பெருங்குடி முதலிய நான்கு சாவடிகளில் வசூல் நிறுத்தப்பட்டது. எஞ்சியிருந்த நாவலூர்ச் சாவடியிலும் 2023 அக்டோபரில் வசூல் நின்றது. ஆண்டு குறிப்பிடாமல் 'இச்சாலையில் கட்டணம் வசூலிக்கப்படுகிறது' என்று எவரோ முன்பு எழுதிய வரியை இன்று நம்புகிறவர், இல்லாத சாவடிக்குச் சில்லறை தேடிக்கொண்டு புறப்பட வேண்டியதுதான். அந்த வரி எழுதப்பட்ட நாளில் பொய்யல்ல. ஆண்டு போடாத ஒரே குற்றத்தினால் பின்னர் பொய்யாகிவிட்டது. பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியத்தில், அச்சான பிழையை அடுத்த பதிப்பு வரை சுமக்கத்தான் வேண்டும். இன்றைய கலைக்களஞ்சியத்துக்கு அந்தச் சாக்குக் கிடையாது. ஐந்து நிமிஷம் செலவிட்டால் திருத்திவிடலாம்.

ஆனால் பிழையைக் களைவதோடு வேலை முடிந்துவிடாது. சாலையின் கதையில் விட்டுப்போனவற்றைச் சேர்க்க வேண்டும். கந்தன்சாவடி, பெருங்குடி, துரைப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி, நாவலூர், படூர், கேளம்பாக்கம், திருப்போரூர் என்று இன்று பஸ் நிறுத்தங்களாகச் சொல்லப்படுபவை ஊர்கள். இவற்றுள் பெருங்குடியும் சோழிங்கநல்லூரும் அவற்றை அடுத்த பகுதிகளும் 2011-ல்தான் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தன. 2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டதைக் குறிப்பிட எவரும் மறப்பதில்லை. ஏறக்குறைய அதே காலத்தில் நகரத்தின் நடுவிலிருந்த குடிசைவாசிகள் துரைப்பாக்கத்தை அடுத்த கண்ணகி நகரில் குடியேற்றப்பட்டார்கள். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரியிலும் பெரிய குடியிருப்பு எழுந்தது. இச்சாலையில் காலையும் மாலையும் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களில் இந்தக் குடியிருப்பு மக்கள் எத்தனையோ பேர். கம்பெனிப் பட்டியலுக்கு அரைப் பக்கம் ஒதுக்கும் கட்டுரையில் இவர்களுக்கு இரண்டு வரி கிடையாது என்றால் அது நடுநிலையான கட்டுரை ஆகுமா?

தண்ணீர் விஷயமும் அப்படியே. சாலைக்கு மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். கிழக்கே பக்கிங்ஹாம் கால்வாய். மேற்கிலிருந்து வரும் மழை நீர் சாலையைக் குறுக்கிட்டுத்தான் கால்வாயை அடைந்தாக வேண்டும். 2015 பெருவெள்ளத்தில் சாலையும் அதையொட்டிய வீடுகளும் ஏன் அப்படி மூழ்கின என்பதை இந்தப் பூகோளத்தைச் சொல்லாமல் விளக்க முடியாது. அந்தச் சதுப்பு நிலம் 2022-ல் ராம்சார் ஒப்பந்தப்படி சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈர நிலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இதையெல்லாம் 'சாலைக்குச் சம்பந்தமில்லாதது' என்று வெட்டிவிடுபவர்களும் உண்டு. அந்த வெள்ளத்தில் அங்கே சிக்கியவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

இங்கே ஒரு சங்கடம் குறுக்கிடுகிறது. வெளியிடப்பட்ட ஆதாரம் இல்லாமல் எதையும் எழுதக் கூடாது என்பது விக்கிப்பீடியாவின் விதி. விதி நல்லதுதான், அது இல்லாவிட்டால் வம்பும் வதந்தியும் சரித்திரமாகிவிடும். ஆனால் கம்பெனிகளுக்கு அறிக்கைகளும் பத்திரிகைச் செய்திகளும் கட்டுக் கட்டாக இருக்கின்றன. காரப்பாக்கத்தில் ஏர் பிடித்த முதியவருக்கு ஞாபகம் ஒன்றுதான் ஆதாரம். அதைக் கலைக்களஞ்சியம் ஏற்காது. விதியை ஒழுங்காகக் கடைப்பிடிப்பதாலேயே கட்டுரை ஒருபுறமாகச் சாய்ந்து போகிறது.

இதற்குப் பரிகாரம் விதியைத் தளர்த்துவது அல்ல, தேடுவதுதான். 1879-ல் வெளியான செங்கற்பட்டு மாவட்டக் கையேடு இருக்கிறது. 1951 முதல் வெளிவந்த ஜனத்தொகைக் கணக்கு மாவட்டப் புத்தகங்களில் ஒவ்வொரு கிராமத்தின் பரப்பும் ஜனத்தொகையும் காணக் கிடைக்கின்றன. அரசாணைகள், பழைய நில அளவைப் படங்கள், நூலகங்களில் தூசி படிந்த பத்திரிகைத் தொகுப்புகள் எல்லாம் உண்டு. பாட்டனாரின் வயல் எங்கே இருந்தது என்று எழுத முடியாவிட்டாலும், அந்த ஊரில் எத்தனை ஏக்கர் சாகுபடி நடந்தது என்று பக்க எண்ணோடு எழுத முடியும். இச்சாலையில் என்ஜினீயரிங் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. விடுமுறையில் நான்கு மாணவர்கள் கன்னிமாரா நூலகத்துக்குப் போய் உட்கார்ந்தால், ஆளுக்கு ஓர் ஊர் வீதம் சில நாட்களில் வேலை பிடிபட்டுவிடும். ஊர்ப் பெயர்களின் எழுத்தையும் அவர்களே சரிபார்க்கலாம். இங்கிலீஷ் பலகையைப் பார்த்துத் தமிழில் எழுதியதால் உருமாறிய பெயர்கள் கொஞ்சநஞ்சமல்ல.

மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை அமையும் மெட்ரோ ரயில் பாதைக்காக இச்சாலையின் நடுவே தூண்கள் எழும்பிவிட்டன. சாலையின் தோற்றம் மறுபடியும் மாறிக்கொண்டிருக்கிறது. தூண்களைப் படம் பிடிப்பவர்கள் தேதியையும் இடத்தையும் குறித்து, எவரும் பயன்படுத்திக்கொள்ளும் அனுமதியோடு கலைக்களஞ்சியத்துக்கு இப்போதே கொடுத்து வைக்கலாம். ரயில் ஓடத் தொடங்கிய பிறகு அந்தப் படம் கிடைக்காது.