மலை சரிந்த பிறகு வரும் படை

2014 ஒக்டோபர் 29 காலை பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயன்கள் மண்ணுக்குள் போயின. புதைந்தவர்களைத் தேடித் தோண்டப் படையினர் வந்தார்கள். அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. இடம்பெயர்க்கக் காணியும் வீடும் கிடைக்கவில்லை. தோண்ட ஆளும் இயந்திரமும் கிடைத்தன. உள்நாட்டுப் போர் இயற்கைக்குச் செய்த கேடு என்றதும் நமக்கு வடக்குதான் நினைவுக்கு வரும்: பதுங்குகுழிகளுக்காக வெட்டிய பனைகள், இன்னும் அகற்றி முடியாத கண்ணிவெடிகள். அதில் தவறில்லை. ஆனால் பதுளையின் நமுனுகுல மலையைச் சுற்றியுள்ள தோட்டங்களும் ஒரு விலை கொடுக்கின்றன. காசு படைக்குப் போனதால் செய்யாமல் விட்ட வேலைகளுக்கான விலை அது.

போர் 2009 மே மாதம் முடிந்தது. நாடு கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்த 2022ஐ அடுத்து வந்த 2023 வரவு செலவுத் திட்டத்தில், பாதுகாப்புக்கும் பொதுமக்கள் பாதுகாப்புக்கும் ஏறத்தாழ 539 பில்லியன் ரூபா. சுகாதாரத்துக்கு 322 பில்லியன். தரைப்படையின் அனுமதிக்கப்பட்ட ஆளணி 2,00,783 என்றும், 2030க்குள் அதை ஒரு லட்சமாகக் குறைப்போம் என்றும் அரசு அறிவித்தது 2023 ஜனவரியில்தான். எதிரி இல்லாத பதினான்கு ஆண்டுகள்! உலகக் கணக்கும் இதே லட்சணம்தான். 2024இல் நாடுகள் ஆயுதத்துக்கும் படைக்கும் செலவிட்டது சுமார் 2.7 டிரில்லியன் டொலர். ஏழை நாடுகளின் காலநிலைத் தேவைக்கு 2035க்குள் ஆண்டுக்கு 300 பில்லியன் திரட்டுவோம் என்று அதே ஆண்டு பாகு காலநிலை மாநாட்டில் சொன்னதே பெரிய வாக்குறுதி. உலக வெப்ப வாயுக்களில் 5.5 சதவீதம் படைகளால் வருவதாக ஒரு மதிப்பீடு உண்டு. மதிப்பீடு என்றுதான் சொல்ல முடியும். ஏனென்றால் பாரிஸ் உடன்படிக்கையின் கீழும் படைகள் தம் புகைக்குக் கட்டாயம் கணக்குக் காட்டவேண்டியதில்லை. வெப்பம் ஒரு பாகை கூடினால் காற்று ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அந்த ஈரம் ஒரே மூச்சில் கொட்டினால் ஊவாவின் செங்குத்துச் சரிவுகள் தாங்குமா? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோரைக் கொன்றபோது, மிக அதிகம் இழந்த மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று.

படை இல்லாவிட்டால் மீட்பது யார் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், மீரியபெத்தையிலும் டித்வாவிலும் சிப்பாய்கள் உயிரைப் பணயம் வைத்து உழைத்தார்கள். ஆனால் மீட்புக்குப் பீரங்கி வேண்டாம், லட்சக்கணக்கில் ஆளும் வேண்டாம். பயிற்சி பெற்ற சிறிய அணிகளும், மழைமானிகளும், எச்சரித்த அன்றே மக்கள் போய்த் தங்க ஓர் இடமும் போதும். சிப்பாய் வேலையை நம்பி மொனராகலை, பதுளைக் கிராமங்களில் எத்தனையோ ஏழைச் சிங்களக் குடும்பங்கள் வாழ்கின்றன என்பது இதைவிடக் கனமான வாதம். அவர்களைத் தெருவில் விடச் சொல்லவில்லை. ஓய்வுபெறுவோரின் இடத்தை நிரப்பாமல் விட்டாலே ஆளணி இறங்கும். இருப்பவர்களைச் சரிவுகளில் வடிகால் வெட்டவும் தாங்குசுவர் கட்டவும் மாற்றலாம். காசு வந்தால் மட்டும் தோட்டத்து மக்களுக்கு வீடு வந்துவிடாது என்பதும் உண்மை. காணி அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, லயன் காம்பராவில் இருப்பவர் கையில் காணி உறுதி இல்லை. அந்தச் சிக்கலைச் சட்டத்தால் அவிழ்க்க வேண்டும். காசில்லை என்ற சாக்கு இருக்கும்வரை அதை அவிழ்க்க எந்த அமைச்சருக்கும் அவசரம் வராது.

அடுத்த பாதீட்டு விவாதத்தில் பதுளை மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்கள் ஒன்றைக் கேட்கட்டும்: ஆளணிக் குறைப்பால் மிஞ்சும் தொகை எவ்வளவு, அதில் ஆபத்து வலயத் தோட்டக் குடும்பங்களை இடம்மாற்ற ஒதுக்குவது எவ்வளவு? வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் நாமும் இதையே கேட்போம்.